ஒரு தபால் பெட்டியும் அறுபது நாளும்

"அனுப்பிட்டாங்க ஜெயா! மூணாம் தேதியே அனுப்பிட்டாங்க!"

கம்ப்யூட்டர் முன்னாலிருந்து தியாகு போட்ட சத்தத்தில், துபாய்க்குப் பக்கத்து ஊரான அஜ்மானில் இருந்த ஃபிளாட்டின் சமையலறையிலிருந்து ஜெயலட்சுமி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

"யாரு, எதை அனுப்பிட்டாங்க?"

"கனடாக்காரன்! மெடிக்கல் லெட்டர்! இங்க பாரு, போட்டிருக்கு. அறுபது நாளைக்குள்ள மெடிக்கல் பண்ணிக்கணுமாம். இல்லேன்னா ஃபைலை மூடிடுவாங்களாம்."

"இன்னிக்கு ஜூலை பதினேழு. லெட்டர் எங்க?"

தியாகு எழுந்த வேகத்திலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டான். நாலரை வருஷமாக அவன் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான்.

இரண்டாயிரத்து இரண்டு பிப்ரவரியில் குடியேற்ற விசாவுக்கு மனுப் போட்டபோது, ஒன்றரை வருஷத்தில் வந்துவிடும் என்றார்கள். தியாகு குடும்பம் அந்தப் பேச்சை நம்பி, அன்றிலிருந்தே மூட்டை கட்டிய மனநிலையில் வாழ ஆரம்பித்தது. சோபா வாங்கவில்லை, போகிற இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். நாலு பிளாஸ்டிக் நாற்காலியே போதும். ஜன்னலுக்குத் திரை தைக்கவில்லை, அந்த ஊர் ஜன்னல் என்ன அளவோ! வாங்கிய ஒரே பொருள், மகள் இளவேனிலுக்கு ஒரு ஸ்வெட்டர். அப்போது குழந்தைக்கு இரண்டு வயது, கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று மூன்று வயசு அளவில் எடுத்தார்கள். இப்போது அவளுக்கு ஆறரை. துபாய் வெயிலில் ஒரு நாள்கூடப் போடாமலே அது சின்னதாகிப் போனது.

நடுவில் போலீஸ் சர்டிபிகேட் இரண்டு தடவை காலாவதியானது. அதைப் புதுப்பித்தால் பாஸ்போர்ட் காலாவதியானது. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் போட்டோ பழசு என்றார்கள். எந்த நாள் கேட்டாலும் மனு 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே பதில்தான். அந்த வாக்கியம் இன்று முதல் முறையாக மாறியிருக்கிறது.

மாறிய சந்தோஷத்தைக் கொண்டாட முடியாமல் போனதற்குக் காரணம் தபால் பெட்டி.

துபாயில் தபால்காரர் வீடு தேடி வரமாட்டார். யாருக்குக் கடிதம் வந்தாலும் தபால் நிலையச் சுவரில் இருக்கும் பெட்டிக்குத்தான் வரும். தனிப் பெட்டி வைத்திருப்பவர்கள் குறைவு. எல்லோரையும் போலத் தியாகுவும் மனுவில் கம்பெனியின் பெட்டி எண்ணைத்தான் எழுதியிருந்தான். துபாயின் தேராப் பகுதியில் அலுமினிய ஜன்னலும் கண்ணாடிக் கதவும் செய்யும் கம்பெனி. அதில் அவன் செலவுக் கணக்குப் போடும் எஸ்டிமேட்டர்.

எழுதியபோது அது தப்பாகத் தெரியவில்லை. போன வருஷம் டிராஃப்ட்ஸ்மேன் சதீஷ்குமார் திடீரென்று ராஜினாமா கொடுத்து ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினான். அன்று மேனேஜர் ரகுநாதன் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து முக்கால் மணி நேரம் பேசினார்.

"சோறு போடற கம்பெனிக்குத் தெரியாம வெளிநாட்டுக்கு அப்ளை பண்றது துரோகம்! இனிமே எவனாவது பண்ணியிருக்கான்னு தெரிஞ்சுது, கலாஸ், கதை முடிஞ்சுது. அன்னிக்கே விசா கேன்சல். முப்பது நாள்ல ஊருக்கு ஃபிளைட்!"

பேசியதோடு நிற்காமல், மறுநாளிலிருந்து ஒரு புது வழக்கமும் கொண்டுவந்தார். ஊர்க் கடிதங்கள் தவிர, டைப் அடித்த உறை எதுவானாலும் நேராக அவர் மேஜைக்குப் போகவேண்டும். ஸ்டீல் ஸ்கேலால் தானே கிழித்துத் தானே படிப்பார்.

"வேற அட்ரஸ் குடுத்து மாத்தியிருக்கலாம்ல?" என்றாள் ஜெயலட்சுமி.

"ஃபைலைத் தொடக்கூடாதுடி. நாம ஏதாவது எழுதிப் போட்டோம்னா, மேல இருக்கற ஃபைலை எடுத்துப் பாத்துட்டு அடியில வெச்சிடுவாங்க. எல்லாரும் சொல்றாங்க."

"யாரு அந்த எல்லாரும்?"

"அனுபவப்பட்டவங்க."

"அவங்கள்ல யாராவது கனடா போயிருக்காங்களா?"

தியாகு கம்ப்யூட்டரை அணைத்தான்.

ஜெயலட்சுமி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "மேனேஜர் மேஜைக்குப் போறதுக்கு முன்னாடி தபாலை நீங்க பாத்துட்டா போதும். பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"டிரைவர் பாண்டித்துரைகிட்ட."

"கேட்டு வாங்குங்க. டாக்டர் வாக்கிங் போகச் சொன்னாருன்னு சொல்லுங்க. போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் நடந்து போயிட்டு வரேன்னு சொல்லுங்க. இதுல என்ன கஷ்டம்?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பாண்டித்துரை சிவகங்கைக்காரர், ஐம்பது வயது, கம்பெனியில் பதினாறு வருஷம். சாவியைக் கேட்டதும் தியாகுவை மேலும் கீழும் பார்த்தார்.

"நடக்கப் போறீகளா? ஜூலை மாசத்துல? இந்த வெயில்ல ஒட்டகமே நெழலு தேடுதுண்ணே!"

"டாக்டர் சொல்லிட்டாருங்க. கொலஸ்ட்ரால்."

"அப்ப சரி. ஆனா மேனேஜருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தேன் குடுக்கணும். நம்ம மேல பழி வந்துறக் கூடாது பாருங்க."

"வேண்டாங்க, எதுக்கு அவரைப் போய்…"

பாண்டித்துரை அதற்குள் மேனேஜர் அறைக் கதவைத் தட்டிவிட்டார். இரண்டு நிமிஷத்தில் ரகுநாதனே வெளியே வந்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. எட்டு வருஷத்தில் தியாகு அதைப் பார்த்ததில்லை.

"தியாகராஜன்! வாக்கிங்கா? எனக்கும் டாக்டர் ஆறு மாசமா சொல்லிண்டிருக்கார், சுகர் ஏறிடுத்துன்னு. துணைக்கு ஆளில்லாம இருந்தேன். நாளைலேர்ந்து ரெண்டு பேரும் போறோம். கார்த்தால ஏழு மணி, ஷார்ப்!"

"நீங்க எதுக்கு சார் சிரமம்…"

"என்ன சிரமம்? பாண்டித்துரை, சாவியை இங்க குடு."

சாவி ரகுநாதனின் பேண்ட் பாக்கெட்டுக்குள் போனதை தியாகு கண்ணால் பார்த்தான். பாண்டித்துரையும் பார்த்தார். எதற்கோ அவர் முகமும் வாடிப்போயிற்று.

தேராவில் ஏழு மணிக்கு நிற்க வேண்டுமானால் அஜ்மானில் ஐந்து மணிக்கே காரை எடுக்க வேண்டும். எடுத்தான். ஷார்ஜா நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நின்று, தேரா வந்து, ஈரக் காற்றில் மேனேஜரோடு நடந்தான். தபால் நிலையத்தை நெருங்கியதும் ரகுநாதனின் நடை ஓட்டமாக மாறும். சர்க்கரை நோயாளியால் அவ்வளவு வேகமாகப் போகமுடியுமா என்று வியந்த தியாகுவுக்கு மூச்சு வாங்கியது.

"நான் திறக்கறேன் சார். நீங்க குனிய வேண்டாம்."

"குனியறதும் எக்ஸர்சைஸ்தான். நீ தள்ளி நில்லு."

ரகுநாதன் பெட்டியை உடம்பால் மறைத்துக்கொண்டு தபால்களை எடுப்பார். அங்கேயே ஒவ்வொன்றாகப் புரட்டுவார். தியாகு அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பான். மின்சார பில், சப்ளையர் கேட்லாக், திருமண அழைப்பு. நான்கு நாளும் அவ்வளவுதான். ஐந்தாம் நாள் தியாகு வீட்டுக்கு வந்து படுத்தேவிட்டான்.

"மூணு கிலோ குறைஞ்சதுதான் மிச்சம்" என்றான்.

"அவரோட நடந்தா லெட்டர் அவர் கையிலதான் விழும். நீங்க நிறுத்தினா அவரும் நிறுத்திடுவாரு. முழங்கால் வலின்னு சொல்லுங்க" என்றாள் ஜெயலட்சுமி.

சொன்னான். ஒரு நாள் நொண்டியும் காட்டினான். ரகுநாதன் ரொம்ப வருத்தப்பட்டார்.

"அடடா! நீ ரெஸ்ட் எடு. பரவாயில்லை, எனக்கு நடக்கற பழக்கம் வந்துடுத்து. நான் தனியாவே போயிடறேன். தினம் ரெண்டு வேளை!"

இப்போது தியாகுவுக்குப் பெட்டியைப் பார்க்கும் வாய்ப்பும் போயிற்று. அதோடு, மேஜையை விட்டு எழும்போதெல்லாம் நொண்ட வேண்டிய பாடும் சேர்ந்தது. எந்தக் கால் என்று இரண்டாம் நாளே குழப்பம் வந்துவிட்டது. "நேத்து இடது கால்தானே சார்?" என்று ரிசப்ஷனிஸ்ட் சங்கீதா கேட்டாள்.

"பரவிடுச்சு" என்றான் தியாகு.

ஜூலை முடியப் போனது. அறுபது நாளில் கிட்டத்தட்ட பாதி கரைந்துவிட்டது. ஜெயலட்சுமி காலண்டரில் செப்டம்பர் ஒன்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். அதைப் பார்த்த இளவேனில், "அம்மா, இஸ் தட் மை பர்த்டே?" என்றாள். "இல்லம்மா, அப்பாவோடது" என்றாள் ஜெயலட்சுமி. தியாகுவுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

ஜூலை கடைசி நாள் மத்தியானம் ரகுநாதன் சாப்பிடப் போனபோது சாவிக்கொத்தை மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனார். தியாகு நொண்டுவதை மறந்து ஓடினான். பெட்டிச் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு, நாய்ஃப் தெருவில் சாவி வெட்டும் பாகிஸ்தான் பட்டாணியிடம் போய் நின்றான்.

"பாய், டூப்ளிகேட். ஜல்தி."

பட்டாணி சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பெட்டிச் சாவி. கம்பெனி பேப்பர் எங்கே?"

"மாஃபி பேப்பர், இல்லை. பிளீஸ் பாய்."

தியாகுவின் முகத்தில் அவர் என்ன கண்டாரோ, பெருமூச்சு விட்டுவிட்டு மெஷினைச் சுழற்றினார். "நல்ல தகடு இல்லை. திறக்கும், ஆனா மெதுவாத் திருப்பணும்" என்று ஹிந்தியில் எச்சரித்தார்.

நாலரை வருஷம் காத்திருந்தவனுக்கு மெதுவாகத் திருப்பும் பொறுமை மிச்சம் இருக்குமா? மேனேஜர் திரும்புவதற்குள் அசல் சாவியைக் கொத்தில் மாட்டிவிட்டு, சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் நேரே தபால் நிலையம் போனான். சாவியை நுழைத்தான். கொஞ்சம் இறுகியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். 'டக்' என்றது. பாதிச் சாவி கையில் நின்றது, பாதி பூட்டுக்குள் தங்கிவிட்டது.

சட்டைப் பையிலிருந்த பேப்பர் கிளிப்பால் நோண்டிப் பார்த்தான். உள்ளே இன்னும் ஆழமாகப் போயிற்று. கதவின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தான். உள்ளே வெள்ளையாக ஏதோ ஒரு நீள உறை சாய்ந்து நின்றது. ஓரத்தில் சிவப்பாக ஏதோ. கனடாக் கொடியின் இலையா, தபால்தலையா? கண்ணை இடுக்கில் ஒட்டி வைத்துக் கால் மணி நேரம் பார்த்தும் தெரியவில்லை. பின்னால் வந்து நின்ற ஒரு காவலர் இருமியபின்தான் நகர்ந்தான்.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு ஆபீஸில் அவசரக் கூட்டம்.

"யாரோ கள்ளச் சாவி போட்டிருக்கான்!" ரகுநாதன் நடுங்கினார். "நம்ம பெட்டியில! எவ்வளவு முக்கியமான லெட்டரெல்லாம் வர்ற நேரம் தெரியுமா? ஒரு மனுஷனோட வாழ்க்கையே அதுல இருக்கலாம்!"

கம்பெனி மேல் இவருக்கு இவ்வளவு பாசமா என்று அந்தக் கலக்கத்திலும் தியாகு வியந்தான். சுற்றிலும் பார்த்தான். அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. குற்றவாளி மாதிரி முழித்தது அவன் மட்டுமில்லை. சங்கீதா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அக்கவுண்டன்ட் பத்மநாபனுக்கு விக்கல் நிற்கவில்லை. "கோட்டைக் கருப்பன் மேல சத்தியமா நானில்ல சார்!" என்று பாண்டித்துரை யாரும் கேட்காமலே சத்தியம் செய்தார்.

"யாரு பண்ணினதுன்னு அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்றாள் சங்கீதா. "பூட்டு எப்ப மாத்துவாங்க?"

எல்லோரும் ரகுநாதனையே பார்த்தார்கள்.

பூட்டு மாற்ற கம்பெனி லைசென்ஸ் நகலும், கம்பெனிக்குப் பொறுப்பான அரபு ஸ்பான்சர், அதாவது கஃபீல், கையெழுத்துப் போட்ட கடிதமும் வேண்டும் என்று தபால் நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். கஃபீல் கோடைக்கு லண்டன் போயிருந்தார். ஆகஸ்ட் இருபதுக்கு முன்னால் திரும்பமாட்டார். அதுவரை கம்பெனிக்கு வரும் தபாலெல்லாம் கவுன்டருக்குப் பின்னால் கட்டிவைக்கப்படும்.

"நான் வேணா லண்டனுக்கு ஃபேக்ஸ் போடறேன் சார்" என்றான் தியாகு.

"நான் போட்டுட்டேன்" என்றார் ரகுநாதன்.

"நானும்" என்றாள் சங்கீதா.

பத்மநாபன் விக்கினார்.

அந்த மூன்று வாரமும் தியாகு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஜெயலட்சுமி திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள். அதுதான் அவனுக்கு ரொம்ப பயமாக இருந்தது. ஒரு நாள் அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "ஒருவேளை வரலேன்னா, ஒரு சோபா வாங்கிக்கலாமாங்க?" என்று மெல்லக் கேட்டாள். தியாகு குளிக்கிற சாக்கில் பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி கஃபீல் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் ரகுநாதன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தியாகுவும் கிளம்பினான்.

"உனக்குக் கால் வலியாச்சே?"

"சரியாயிடுச்சு சார். நடந்தாத்தான் நல்லதாம்."

"யல்லா, வா" என்றார் ரகுநாதன், அரை மனதாக.

கவுன்டரில் இருந்தவர் அருள்ராஜ் என்ற யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி லைசென்ஸைப் படித்தார், கடிதத்தைப் படித்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. புதுப் பூட்டு இண்டைக்கே போட்டுத் தாறம். முதல்ல உங்கட தபாலை எடுத்துக்கொள்ளுங்கோ. மூண்டு கிழமையாச் சேர்ந்து போச்சு."

ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பெரிய கட்டைத் தூக்கி வைத்தார். மேலேயே இருந்தது அது. வெள்ளை நீள உறை, ஓரத்தில் சிவப்பு மேப்பிள் இலை.

தியாகுவின் கை பாய்ந்தது. அதே நொடி ரகுநாதனின் கையும் பாய்ந்து, பெயர் எழுதியிருந்த இடத்தை முழுசாக மூடிக்கொண்டது. தியாகு ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தான். உறை நகரவில்லை.

எல்லாம் முடிந்தது என்று தியாகுவுக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் மறைத்து என்ன ஆகப் போகிறது?

"சார், என்னை மன்னிச்சிடுங்க" என்றான். குரல் உடைந்தது. "அது என்னோட லெட்டர் சார். கனடாவுக்கு அப்ளை பண்ணி நாலரை வருஷமாச்சு. உங்ககிட்ட மறைச்சுட்டேன். வாக்கிங் பொய், முழங்கால் பொய், கள்ளச் சாவியும் நான்தான். நீங்க விசா கேன்சல் பண்ணினாலும் தப்பில்லை. ஆனா அந்த லெட்டரை மட்டும் குடுத்துடுங்க சார். இன்னும் பத்து நாள்தான் இருக்கு. என் வீட்டுக்காரி நாலரை வருஷமா ஒரு திரைகூட வாங்கலை சார். 'போற இடத்துல வாங்கிக்கலாம்'னு நான்தான் சொன்னேன். அவ ஒரு நாளும் கேட்டதில்லை. போன வாரம்தான் முதல் தடவையா சோபா கேட்டா. அவ முகத்தை நான் எப்படி சார் பாப்பேன்?"

வரிசையில் பின்னால் நின்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

ரகுநாதன் முகத்தில் கோபம் இல்லை. கோபம் வந்திருந்தால்கூடத் தியாகுவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். உதடு அசைந்தது, நெற்றியில் வியர்வை வழிந்தது. ஏசி அவ்வளவு வேகமாக ஓடியும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "தியாகராஜன்…" என்றார். அதற்கு மேல் வரவில்லை. ஆனால் உறையின் மேலிருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.

அருள்ராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரகுநாதனின் விரல்களை ஒவ்வொன்றாக, பக்குவமாகப் பிரித்து உறையை எடுத்தார். அதன் கீழே இருந்த கட்டையும் இழுத்துக்கொண்டு, பெயர்களைப் படித்துப் படித்து ஒவ்வொன்றாகக் கவுன்டரில் வைத்தார்.

"ஏன் பிடுங்குப்படுறியள்? இது ரகுநாதனுக்கு, இது தியாகராஜனுக்கு, இது சங்கீதாவுக்கு, பத்மநாபனுக்கு, இந்தா பாண்டித்துரைக்கும் ஒண்டு… கொம்பனியே கனடாவுக்குப் போகுதெண்டால், இந்தப் பெட்டிக்குப் புதுப் பூட்டு ஆருக்கு அண்ணை?"